எடி ஆடம்ஸோட சைகோன் போட்டோ: ஜெனரலுக்கு நடந்தது அநியாயமா?

குமரன்_லென்ஸ்:
ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இங்க போட்டா நாலு பேர் பேசுவாங்கன்னு போடுறேன். 1968 பிப்ரவரி 1, வியட்நாம் போர் நடந்துட்டு இருக்கு, தென் வியட்நாம் தலைநகர் சைகோன்ல சோலோன்ங்கற ஏரியா பக்கம் ஒரு தெரு. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருத்தர், கைய பின்னாடி கட்டியிருக்காங்க, பக்கத்துல நிக்கிற ஆபீசர் கைய நீட்டி அவர் நெத்திப்பொட்டுல சுடுறார். இந்த போட்டோவ பாக்காதவங்க கம்மி. எடுத்தவர் அசோசியேட்டட் பிரஸ் போட்டோகிராபர் எடி ஆடம்ஸ். 1969ல புலிட்சர்ங்கற அமெரிக்க பத்திரிகை விருது வாங்கிக் கொடுத்த படம். சுட்டவர் அமெரிக்கா பக்கம் நின்ன தென் வியட்நாமோட தேசிய போலீஸ் தலைவர் ஜெனரல் நுயென் நாக் லோவான், செத்தவர் வியட்காங், அதாவது அந்த அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கொரில்லா ஆள்னு பிடிபட்ட நுயென் வான் லெம். எல்லாரும் இந்த போட்டோவ போர்க்குற்றத்துக்கு சாட்சின்னு சொல்றாங்க, ஆனா எடுத்த மனுஷனே 1998ல டைம் பத்திரிகைல என்ன எழுதினார்னா, ஜெனரல் வியட்காங்கை கொன்னார், நான் என் கேமராவால ஜெனரலை கொன்னேன், போட்டோ பொய் சொல்லும், அது பாதி உண்மைதான்னு. எடுத்தவரே இப்படி சொன்னப்புறமும் நாம அந்த ஒரு ஃப்ரேமை வச்சு ஒரு மனுஷன முழுசா எடை போடுறது நியாயமே இல்லங்கறது என் கருத்து. அன்னிக்கு டெட் தாக்குதல், அதாவது வியட்நாம் புத்தாண்டு சமயத்துல கம்யூனிஸ்ட் படைக தொடங்கின பெரிய தாக்குதல், ரெண்டாவது நாள், ஊரே எரியுது, நூத்துக்கும் மேல ஊர்கள்ல ஒரே நேரத்துல அடிக்கிறாங்க, போலீஸ்காரங்க குடும்பத்தையெல்லாம் வீடு தேடிப் போய் கொன்னாங்கன்னு செய்தி வருது. அதெல்லாம் அந்த போட்டோல எங்க இருக்கு? ஒரு செகண்ட்ல 500ல ஒரு பங்கு நேரம் மட்டும்தான் இருக்கு.

தேன்மொழி_வக்கீல்:
குமரன், நீங்க சொன்ன பின்னணி எல்லாம் சரின்னே வச்சுப்போம். அப்பவும் கைய கட்டி கொண்டு வந்த ஒரு ஆளை விசாரணை இல்லாம நடுத்தெருவுல சுட்டா அது கொலைதான். 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் நாலுலயும் பொதுவா வர்ற மூணாவது பிரிவ எடுத்து பாருங்க, ஆயுதத்த கீழ போட்டவங்க, பிடிபட்டவங்க இவங்களை முறையா அமைச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லாம தண்டிக்கக் கூடாது, கொல்லக் கூடாதுன்னு இருக்கு. அவர் யூனிஃபார்ம் போடல, அதனால போர்க்கைதி இல்லன்னு ஒரு வாதம் எப்பவும் வரும், அதையும் இப்பவே சொல்லிடறேன், யூனிஃபார்ம் போடாதவன் போர்க்கைதி அந்தஸ்தை வேணா இழக்கலாம், விசாரணைக்கான உரிமைய இழக்க மாட்டான். அவர் எத்தனை பேரை கொன்னிருந்தாலும் சரி.

குமரன்_லென்ஸ்:
மேடம் சட்டம் எனக்கும் புரியுது. நான் கேக்கறது போட்டோவ பத்தி. சட்டப்படி தப்பு பண்ணவங்க அந்த போர்ல ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்குல இருந்தாங்க, வாழ்நாள் பூரா தண்டனை அனுபவிச்சது கேமரா முன்னாடி மாட்டுன ஒருத்தர் மட்டும்தான். 1968 மே மாசம் சண்டைல லோவானுக்கு கால்ல பலத்த காயம், கடைசில காலையே எடுத்துட்டாங்க. சிகிச்சைக்கு ஆஸ்திரேலியா கொண்டு போனா அங்க ஜனங்க எதிர்ப்பு, அப்புறம் வாஷிங்டன்ல ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாத்துனாங்க. 1975ல சைகோன் விழுந்ததும் அமெரிக்காவுக்கு தப்பிச்சு போய் வர்ஜீனியால பீட்சா கடை வச்சு பொழச்சார். 1978ல குடியேற்றத் துறை அவரை வெளிய அனுப்ப பாத்துச்சு, ஆடம்ஸை எதிரா சாட்சி சொல்ல கூப்பிட்டா அவர் ஜெனரலுக்கு ஆதரவா பேசினார். ஆள் யாருன்னு தெரிஞ்சு 1991ல கடைய மூட வேண்டியதாச்சு. கடை டாய்லெட் சுவத்துல நீ யாருன்னு எங்களுக்கு தெரியும்னு எழுதி வச்சிருந்தாங்களாம், ஆடம்ஸே சொன்னது இது. 98ல கேன்சர்ல செத்துட்டார். ஒரு போட்டோவுக்கு இவ்ளோ விலை.

ரகு_77:
குமரன் சொல்றது 100க்கு 100 கரெக்ட். இன்னும் ஒரு படி மேல போய் சொல்றேன், இந்த ஒரு போட்டோதான் அமெரிக்காவ வியட்நாம்ல தோக்க வச்சது. டெட்ல கம்யூனிஸ்ட்டுக களத்துல தோத்தாங்க, பேப்பர்ல டிவில ஜெயிச்சாங்க. ஹியூ நகரத்த பிடிச்சு வச்சிருந்தப்ப அவங்க கொன்னு புதைச்சவங்க, குழிகளை தோண்டி எடுத்தது மட்டும் கிட்டத்தட்ட 2,800 உடல்னு கணக்கு சொல்றாங்க, அதுக்கு உலகம் ஞாபகம் வச்சிருக்கற ஒரு போட்டோ சொல்லுங்க பாப்போம்? இல்ல. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு.

பழைய_டெஸ்க்:
ரகு தம்பி, நான் செய்தித்தாள்ல டெஸ்க்ல உக்காந்து ரிட்டையர் ஆனவன், அந்த அனுபவத்துல சொல்றேன், கேமரா போன இடத்துல இருந்துதான் படம் வரும், அதுக்கு கட்சி கிடையாது. ஹியூல கொல்லும்போது போட்டோகிராபர் யாரையும் அழைச்சுட்டு போகல. அதே மாதிரி மை லாய் எடுத்துக்கோங்க, அமெரிக்க சிப்பாய்க கிராமத்து ஜனங்களை, பொம்பளைங்க குழந்தைகளை எல்லாம் சுட்டுத் தள்ளினது 1968 மார்ச் 16. அமெரிக்க ராணுவத்து போட்டோகிராபரே ஒருத்தர் அங்க இருந்து படம் எடுத்தார், ஆனா அந்த படங்க பேப்பர்ல வந்தது 1969 நவம்பர்ல. ஒன்றரை வருஷத்துக்கும் மேல ஆச்சு. அப்ப மீடியா யாருக்கு எதிரா சதி பண்ணுச்சுன்னு சொல்லுவீங்க?

இன்னொன்னு, ஒரு போட்டோ போரை நிறுத்துச்சுங்கறது எங்க தொழில்காரங்களே ஆசையில பரப்பின கதை. வியட்நாம்ல அமெரிக்க படை எண்ணிக்கை உச்சத்துக்கு போனது 1969 ஏப்ரல்ல, 5,43,000 பேர். போட்டோ வந்து ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு. அமெரிக்க படை கிளம்பினது 73ல. படம் ஜனங்க மனசுல ஒரு கேள்விய போட்டுச்சு, அவ்வளவுதான், அமெரிக்க செனட்டர் ராபர்ட் கென்னடி ஒரு வாரத்துலயே சிகாகோல பேசும்போது இந்த படத்த சொல்லி, நம்ம பழைய நண்பர்களே அமெரிக்காவுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்கன்னார். அந்த கேள்வி நியாயமான கேள்வி.

மித்ரா_விஸ்காம்:
சார் ஒரு சந்தேகம், அந்த காலத்துல எடிட்டர்ஸ் யோசிக்காம அப்படியே தூக்கி போட்டுட்டாங்களா? எங்க கிளாஸ்ல அப்படித்தான் சொன்னாங்க

பழைய_டெஸ்க்:
இல்லம்மா. நியூயார்க் டைம்ஸ் பிப்ரவரி 2 முதல் பக்கத்துல இத மேல பெருசா போட்டு, அதுக்கு கீழயே இன்னொரு படமும் போட்டாங்க, தென் வியட்நாம் ஆபீசர் ஒருத்தர், கொரில்லாக்கள் கொன்ன தன்னோட குழந்தை உடம்ப தூக்கிட்டு நிக்கிறார். ரெண்டு பக்க கொடுமையும் வாசகனுக்கு தெரியணும்னு உக்காந்து யோசிச்சு செஞ்ச வேலை. குமரன் கேக்கற பின்னணி அன்னிக்கே அதே பக்கத்துல இருந்துச்சு. ஜனங்க ஞாபகத்துல ஒண்ணு நின்னுச்சு, இன்னொன்னு நிக்கல. அதுக்கு போட்டோகிராபரும் பொறுப்பில்ல, எடிட்டரும் பொறுப்பில்ல.

அப்புறம் ஆடம்ஸ் எடுத்தது ஒரு ஃப்ரேம் இல்ல. லெம்மை சிப்பாய்க தெருவுல நடத்திக் கூட்டிட்டு வர்றது, லோவான் பக்கத்துல வர்றது, சுடுறது, அப்புறம் துப்பாக்கிய உறைல போடுறதுன்னு வரிசையா இருக்கு. சுடுற படத்தையே க்ராப் பண்ணாம பாத்தீங்கன்னா இடது ஓரத்துல ஹெல்மெட் போட்ட ஒரு சிப்பாய் முகத்த சுளிச்சுட்டு நிக்கிறான், பல்லெல்லாம் தெரியுது. கூட நிக்கிற சொந்தப் படை ஆளுக்கே தாங்கல. நான் அந்த படத்துல ரொம்ப நேரம் பாக்கறது அந்த முகத்தைத்தான். நிறைய இடத்துல க்ராப் பண்ணி அவனை வெட்டிடறாங்க, அதான் எனக்கு வருத்தம்.

குமரன்_லென்ஸ்:
சார் நீங்க சொன்ன அந்த வரிசை பத்தி நானும் படிச்சிருக்கேன், ஆனா அதுவே என் பாயிண்ட்டுக்குத்தான் வருது. ஆடம்ஸ் என்ன சொல்லியிருக்கார்னா, ஜெனரல் துப்பாக்கிய எடுத்தப்ப மிரட்டத்தான் போறார், விசாரணைல இப்படி மிரட்டறது சகஜம்னு நெனச்சு அதை படம் எடுக்க கேமராவ தூக்கினேன்னு. அவரே எதிர்பாக்கல. அப்படி தற்செயலா மாட்டுன ஒரு ஃப்ரேம், அதை வச்சுத்தான் ஒருத்தர் ஆயுசு முழுக்க. சுட்டு முடிச்சதும் லோவான் ஆடம்ஸ் பக்கம் வந்து, இவங்க என் ஆளுங்க நிறைய பேரை கொன்னிருக்காங்க, உங்க ஆளுங்களையும்தான்னு சொல்லிட்டு போனார். கோவம், வெறி, தூக்கமில்லாம இருக்கற மனுஷன், போர்ல இருக்கறவனோட மனநிலை நமக்கு வருமா? ஆடம்ஸுக்கு புரிஞ்சது, ஏன்னா அவரே கொரியா போர்ல மெரீன் படைல இருந்தவர். நீ அந்த எடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு அந்த டைம் கட்டுரைல அவர் கேட்டது அதனாலதான்.

ரகு_77:
அதானே. லெம் கொன்னதா சொல்ற ஒரு தென் வியட்நாம் ராணுவ ஆபீசர் குடும்பத்துல தப்பிச்ச ஒரே பையன், அப்ப ஒம்பது வயசு, பின்னாடி அமெரிக்க கடற்படைல ரியர் அட்மிரல் ஆனார், 2019ல. அவர் முன்னாடி போய் ஜெனரல் பண்ணது தப்புன்னு சொல்லுங்க.

தேன்மொழி_வக்கீல்:
ரகு, அந்த குடும்பத்துக்கு நடந்தது கொடூரம், அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அதை செஞ்சது லெம்தானா? வரலாற்று ஆய்வாளர்கள் இதை கேள்வி கேட்டிருக்காங்க, அன்னிக்கு தெருவுல அதை நிரூபிச்சவங்க யாரும் இல்ல. இவன்தான் அவன்னு யார் முடிவு பண்ணினா? துப்பாக்கி வச்சிருந்தவர். கோர்ட் எதுக்கு இருக்குன்னா இதுக்குத்தான். அந்த பையன் வளர்ந்து, என் அப்பா அம்மாவ கொன்னது யாருன்னு கேக்கும்போது ஆதாரத்தோட பதில் கிடைச்சிருக்கணும், அந்த வழியையும் சேத்துத்தான் அந்த ஒரு குண்டு அடைச்சுது. லெம் உயிரோட இருந்திருந்தா கூண்டுல ஏத்தி கேட்டிருக்கலாம்.

வன்னியான்:
வணக்கம். நான் உங்கட கதையளை வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எழுதுறேல்ல எண்டுதான் இருந்தன். தம்பி குமரன், பின்னணி பின்னணி எண்டு சொல்லுறியள். 2009 ஆகஸ்ட் 25 பிரிட்டிஷ் டிவி சேனல் 4 ஒரு வீடியோ போட்டது, உடுப்பில்லாமல், கண்ணைக் கட்டி, கையைப் பின்னால கட்டி இருத்தி வச்சு ஆக்களைச் சுடுற வீடியோ. இலங்கை அரசு பொய் வீடியோ எண்டது. 2010 ஜனவரில ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நிபுணர்களை வச்சுப் பாத்திட்டு உண்மையான வீடியோ மாதிரித்தான் இருக்கு எண்டு சொன்னவர். அப்ப எங்களுக்கு என்ன சொன்னவை தெரியுமோ? அவையள் பயங்கரவாதியள், அவையள் செய்ததையும் பாருங்கோ, பின்னணியைப் பாருங்கோ எண்டு. நீங்கள் லோவானுக்குச் சொல்லுற அதே கதை. சைகோன் படத்துக்கு ஒரு நியாயம், எங்கட வீடியோவுக்கு இன்னொரு நியாயம் எண்டு சொல்லேலாது தம்பி. கை கட்டின ஆளைச் சுடுறதுக்குப் பின்னணி தேடத் தொடங்கினால் எல்லாருக்கும் ஒரு பின்னணி கிடக்கும்.

மித்ரா_விஸ்காம்:
வன்னியான் அண்ணா.. 😔

குமரன்_லென்ஸ்:
அண்ணே நீங்க சொன்னதுக்கு எதிரா பேச எனக்கு வாய் வராது. ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்குண்ணே, அது மறைவா, கொன்னவனே கெத்துக்கு எடுத்த வீடியோ. லோவான் பத்திரிகைக்காரங்க நிக்கறத பாத்துட்டே, ஒளிக்காம செஞ்சார். தான் செய்றது தப்புன்னு அவர் நெனைக்கல. நான் அவரை நல்லவர்னு சர்டிபிகேட் கொடுக்கல, ஒரு போட்டோவுக்குள்ள அடைக்க முடியாத மனுஷன்னு சொல்றேன்.

தேன்மொழி_வக்கீல்:
கேமரா முன்னாடி தைரியமா கொன்னா கொலை லேசாயிடுமா குமரன்? எனக்கு அதுதான் இன்னும் பயமா இருக்கு. நாட்டோட போலீஸ் தலைவர், ஆடம்ஸும் நிக்கறார், என்பிசி டிவிக்காக வோ சூவும் கேமரா ஓட விட்டுட்டு நிக்கறார், அவங்க முன்னாடி ஒரு கைதிய சுட்டுட்டு துப்பாக்கிய உறைல போட்டுட்டு நடந்து போறார்னா, யாரும் தன்னை எதுவும் கேக்க முடியாதுங்கற நம்பிக்கை. அப்ப கேமரா இல்லாத சந்துல என்ன நடந்திருக்கும்?

மித்ரா_விஸ்காம்:
எனக்கு வேற ஒரு கோணம் தோணுது, கேமரா இருந்ததாலதான் சுட்டாரோ? நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 1971 டிசம்பர், போர் முடிஞ்ச உடனே டாக்கா ஸ்டேடியத்துல, பாகிஸ்தானுக்கு துணை போனாங்கன்னு பிடிச்சவங்களை கூட்டத்துக்கு நடுவுல பயனெட்டால குத்திக் கொன்னாங்க. ஹார்ஸ்ட் ஃபாஸ், மிஷேல் லோரான் ரெண்டு பேரும் நின்னு எடுத்தாங்க, 1972ல புலிட்சர் கிடைச்சது. ஆனா அங்க இருந்த வேற சில போட்டோகிராபர்ஸ் நாம நிக்கறதாலதான் இது நடக்குதுன்னு கிளம்பிட்டாங்க. இதை படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே வரல, ஏன்னா நான் இந்த வேலைக்குத்தான் போகணும்னு படிக்கறேன். நான் அங்க இருந்தா நிப்பேனா போவேனா? சைகோன்ல ஆடம்ஸ் கேமராவ தூக்காம, ஐயோ சுடாதீங்கன்னு கத்தியிருந்தா?

பழைய_டெஸ்க்:
நல்ல கேள்விம்மா. டாக்காவும் சைகோனும் ஒண்ணு இல்ல. ஸ்டேடியத்துல பாக்கறதுக்குன்னே கூட்டி வச்சு, நேரம் எடுத்து செஞ்சாங்க, கிளம்பிப் போறதுக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு, எதிர்ப்பு காட்ட நேரமும் இருந்துச்சு. சைகோன்ல துப்பாக்கிய எடுத்ததுக்கும் சுட்டதுக்கும் நடுவுல கத்தக்கூட நேரமில்ல. மிரட்டப் போறார்னு நெனச்சவன் எதுக்கு கத்துவான்? ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. பயிற்சில சொல்லிக் கொடுக்க வேண்டியது என்னன்னா, உன்னால ஒரு உயிர காப்பாத்த முடியும்னா கேமராவ கீழ போடு, முடியாதுன்னா ஒழுங்கா எடு, எடுத்ததுக்கு கேப்ஷன் பொய்யில்லாம எழுது. இந்த கேப்ஷன் வேலைய யாரும் மதிக்கறதில்ல.

ரகு_77:
அப்ப ஆடம்ஸ் ஏன் ஜெனரல்கிட்டயும் அவர் குடும்பத்துகிட்டயும் மன்னிப்பு கேட்டார்? தப்பு இல்லன்னா எதுக்கு மன்னிப்பு?

தேன்மொழி_வக்கீல்:
இந்த இடத்துலதான் எனக்கு கோவமே வருது. ஜெனரலுக்கு மன்னிப்பு, செத்தப்புறம் பூங்கொத்து, டைம்ல ஒரு கட்டுரை. லெம்முக்கும் பொண்டாட்டி இருந்தா, வயித்துல குழந்தையோட இருந்தா. புருஷன் சாகறதை ஊர் உலகத்தோட சேந்து போட்டோலதான் பாத்தா. அந்த படத்த சுவத்துல, புத்தகத்துல, பேப்பர்லன்னு எங்க போனாலும் பாக்க வேண்டியவ அவ. அவகிட்ட யார் மன்னிப்பு கேட்டாங்க? ஆடம்ஸ் மேல எனக்கு மரியாதை உண்டு, அவரோட குற்றவுணர்ச்சி பொய்னு சொல்ல மாட்டேன், லோவானை நேர்ல தெரியும், பழகியிருக்கார், அதனால அவர் வேதனைய பாத்தார். லெம்மை தெரியாது. தெரிஞ்சவனோட வலி பெருசாத் தெரியறது மனுஷ இயல்பு. ஆனா அந்த இயல்பை எடுத்துட்டு வந்து போட்டோ பொய் சொல்லிடுச்சுன்னு தீர்ப்பு எழுதக் கூடாது. போட்டோல இருக்கறது நடந்துச்சா இல்லையா? நடந்துச்சு.

வன்னியான்:
அக்கா சொன்னதுதான் சரி.

குமரன்_லென்ஸ்:
மேடம் அந்த அம்மாவ பத்தி நீங்க சொன்னது நெஞ்ச அறுக்குது, அதுல எனக்கு மறுப்பே கிடையாது. ஆனா ஆடம்ஸோட மனச வெறும் பழக்கத்தால வந்த பாசம்னு சுருக்காதீங்க. அவர் தன்னோட வேலைல எதை பெருமையா நெனச்சார் தெரியுமா? 1977ல எடுத்த சிரிப்பில்லாத படகு படங்கள். வியட்நாம்ல இருந்து தப்பிச்சு மீன்பிடி படகுல வந்தவங்க, குழந்தைக மூஞ்சில கூட சிரிப்பு இல்ல, தாய்லாந்து கரைல இறங்க விடாம கடலுக்கே திருப்பி இழுத்து விட்டாங்க. அந்த படங்க அமெரிக்க காங்கிரஸ் வரைக்கும் போச்சு, கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் அகதிகளை கார்ட்டர் அரசாங்கம் ஏத்துக்க அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. புலிட்சர் அதுக்கு கிடைச்சிருக்கணும்னு சொல்லிட்டே இருந்தார், 2004ல சாகற வரைக்கும். ஒருத்தன் இன்னொருத்தன கொல்றதை எடுத்ததுக்கு பரிசு வாங்கறது அவருக்கு உறுத்துச்சு. நானும் கேமரா தூக்கறவன் மேடம், நாம எடுத்தது ஒருத்தருக்கு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சே தீரணும்னு நெனைக்கற போட்டோகிராபர் எத்தனை பேர்? அந்த மனச நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

பழைய_டெஸ்க்:
அந்த மனச யாரும் விட்டுக் கொடுக்க சொல்லல தம்பி. அகதி படங்களும் பாதி உண்மைதானே? படகுல வந்தவங்க யார், ஏன் கிளம்புனாங்க, பழைய ராணுவத்துல என்னவா இருந்தாங்கன்னு அந்த படமும் சொல்லல. அதை மட்டும் முழு உண்மையா எடுத்துக்கறோம், ஏன்னா அதோட விளைவு நமக்கு பிடிச்சிருக்கு. விளைவ வச்சு படத்தோட உண்மைய அளக்கறது எனக்கு ஒத்து வரல.

மித்ரா_விஸ்காம்:
சார், அப்ப அன்னிக்கு டெஸ்க்ல நீங்க இருந்திருந்தா கேப்ஷன் எப்படி எழுதியிருப்பீங்க? குமரன் அண்ணா கேக்கற பின்னணியும் வரணும், தேன்மொழி அக்கா சொல்ற சட்டமும் வரணும்.

பழைய_டெஸ்க்:
எழுதிப் பாக்கறேன். "சைகோன், பிப். 1: கைகள் கட்டப்பட்ட நிலையில் கொண்டுவரப்பட்ட, வியட்காங் எனச் சந்தேகிக்கப்படும் ஒருவரை, விசாரணை ஏதுமின்றி, தென் வியட்நாம் தேசிய போலீஸ் தலைவர் நுயென் நாக் லோவான் தெருவில் சுடுகிறார்." பேர் அன்னிக்கு கைல இருந்திருக்காது, அதனால ஒருவர்னு போட்டிருக்கேன்.

குமரன்_லென்ஸ்:
சார் நகரம் முழுக்க தாக்குதல் நடந்துட்டு இருக்குன்னு வரணும். போலீஸ்காரங்களை கொன்னதுக்காகன்னும் வரணும்.

தேன்மொழி_வக்கீல்:
தாக்குதல் நடக்குதுங்கறது வரலாம், அது உண்மை. கொன்னதுக்காகங்கறது ஜெனரல் சொன்ன காரணம், அதை நாம சொல்ற மாதிரி எழுத முடியாது.

பழைய_டெஸ்க்:
சரி, ரெண்டாவது வரி சேக்கறேன். "நகரில் இரண்டாவது நாளாக வியட்காங் தாக்குதல் தொடர்கிறது. இவர்கள் தம் ஆட்கள் பலரைக் கொன்றதாக லோவான் பின்னர் கூறினார்." இதுக்கு மேல ஒரு வார்த்தை கூட சேக்க மாட்டேன்.

குமரன்_லென்ஸ்:
இந்த கேப்ஷனோட அந்த படம் போயிருந்தா நான் இந்த த்ரெட்ட தொடங்கியிருக்க மாட்டேன். ஆனா படத்த மட்டும் வெட்டி எடுத்து ஷேர் பண்றவன் கேப்ஷனை எங்க சார் எடுத்துட்டு போறான், என் கேள்வி அங்கதான் நிக்குது.

வன்னியான்:
கேப்ஷன் இல்லாட்டியும் படம் கிடக்கட்டும் தம்பி. படம் இல்லாமல் செத்த ஆக்களை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டு இருக்கிறம்.